முதல் 30 நிமிட ஓட்டம்: நடக்கத் தெரிந்தவர்களுக்கான 10 வாரச் செய்முறை

ஓட்டம் என்றதும் நம் மனதில் வருவது பள்ளி மைதானத்து நூறு மீட்டர் பந்தயம்தான். முதல் நாள் காலும் தானாக அந்த வேகத்துக்குப் போய்விடும். ஒரு நிமிடத்தில் நெஞ்சு அடைக்கும், விலாவில் பிடிக்கும், “நமக்கு ஓட்டம் வராது” என்று முடிவு கட்டிவிடுவோம். உடம்பில் குறை எதுவும் இல்லை, வேகம்தான் தவறு. அதைச் சரிசெய்துவிட்டால் 30 நிமிடம் நிற்காமல் ஓடுவது பெரும்பாலானவர்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சோதனை. 30 நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் சிரமமில்லாமல் இருக்கிறதா? இருந்தால் நேராகத் தொடங்கலாம். இல்லையென்றால் முதல் மூன்று வாரம் நடை மட்டும் போதும். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும், படியேறினால் நெஞ்சில் அழுத்தம் வருபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

ஷூ

பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இது. ஸ்மார்ட் வாட்ச், இடுப்புப் பை, இறுக்கமான முழங்கால் பட்டை எதுவும் முதல் மூன்று மாதத்துக்குத் தேவையில்லை.

மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாத ஷூதான் கால் நகம் கறுத்துப் போவதற்கு வழக்கமான காரணம். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், கொப்புளம் வரும். செயற்கை இழை சாக்ஸே நல்லது.

குதிகால் உள்ளே வழுக்கினால் அளவை மாற்றும் முன் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். மேலே கடைசியாக ஒரு துளை காலியாக இருக்கும். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் விடுங்கள். மறு பக்கமும் அப்படியே. ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். பல நேரங்களில் வழுக்கல் அதோடு நின்றுவிடும்.

வேகம்: எல்லாரும் இடறும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

விறுவிறுவென்று நடக்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். உங்கள் முதல் ஓட்டம் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்க வேண்டும், 7 அல்லது 7.5. டிரெட்மில் என்றால் இந்த எண்ணை வைத்துவிடலாம். வெளியில் என்றால் இப்படிச் செய்யுங்கள்: வேகமாக நடந்துகொண்டே இருங்கள். வேகத்தைக் கூட்டாமல், அதே இடத்திலிருந்து நடையை மட்டும் சின்னச் சின்னத் துள்ளலாக மாற்றுங்கள். அடி குட்டையாக இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் நடந்தே உங்களோடு வந்துவிடலாம் போல் தோன்றும். அதுதான் சரியான வேகம்.

சரிபார்க்க ஒரு வழி: ஓடும்போதே “நான் இன்னும் இரண்டு நிமிடம் இப்படியே ஓடுவேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு இழுக்காமல் முழு வாக்கியமும் வந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுத்தால் உடனே குறையுங்கள். குறைக்கவே முடியாத அளவுக்கு மெதுவாகிவிட்டால் நடங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை.

கூச்சம்தான் பலரை வேகப்படுத்துகிறது. எதிரே ஆள் வந்தால் கால் தானாக விரையும். கவனியுங்கள், இது எல்லாருக்கும் நடக்கும். ஆள் கடந்து போனதும் மீண்டும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்.

காலை எங்கே வைக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நீட்டி அடி வைத்தால் பாதம் உடலுக்கு வெகு முன்னால் விழும். ஒவ்வோர் அடியும் பிரேக் போடுவது போல முழங்காலிலும் அதற்குக் கீழ் எலும்பிலும் இடிக்கும். பாதம் இடுப்புக்குக் கீழே விழுவதாக நினைத்துக்கொண்டு ஓடுங்கள். குதிகாலா முன்பாதமா என்ற விவாதத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடி குட்டையானால் பாதி தானாகச் சரியாகும்.

பத்து வாரம்

வாரம் மூன்று நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் நடை.

1-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, 8 முறை.
2: ஒன்றரை நிமிடம் ஓட்டம், 2 நடை, 6 முறை.
3: 2 ஓட்டம், 2 நடை, 6 முறை.
4: 3 ஓட்டம், 2 நடை, 5 முறை.
5: 5 ஓட்டம், 2 நடை, 4 முறை.
6: 8 ஓட்டம், 2 நடை, 3 முறை.
7: 12 ஓட்டம், 2 நடை, 2 முறை.
8: 15 ஓட்டம், 2 நடை, 10 ஓட்டம்.
9: 20 நிமிடம் நிற்காமல். மூன்றாம் நாள் 22.
10: 25, 25, பிறகு 30.

நேரத்தைக் கையில் பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள். ஓட்டத்துக்கும் நடைக்கும் தனித்தனியாக ஒலி எழுப்பும் இலவச டைமர் ஆப் ஒன்று போதும். அடிக்கடி கடிகாரம் பார்ப்பவருக்கு ஒரு நிமிடம் மூன்று நிமிடமாகத் தெரியும்.

எந்த வாரம் கடினமாக இருக்கிறதோ அதை இன்னொரு முறை செய்யுங்கள். பத்து வாரம் பதினான்காக ஆனால் எந்த நஷ்டமும் இல்லை. 8-ஆம் வாரத்திலிருந்து 9-க்குப் போகும்போதுதான் பயம் வரும். மொத்த ஓட்ட நேரம் 25 நிமிடத்திலிருந்து 20-ஆகக் குறைகிறது என்பதை நினைவில் வையுங்கள். போவது நடுவிலுள்ள 2 நிமிட நடை மட்டும்தான். முதல் 5 நிமிடத்தை வழக்கத்தைவிட மெதுவாக ஓடினால் மீதி வந்துவிடும்.

நான்காம் வாரத்துக்கு மேல் வரும் ஆபத்து

இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். அதனால் 4 முதல் 8-ஆம் வாரத்துக்குள் மூச்சு வாங்காமல் ஓட முடியும், உற்சாகத்தில் நாள்தோறும் ஓடத் தோன்றும். பல காயங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்றால் அரை மணி நேரத்தில் 4,800 அடி. ஓய்வு நாள் சோம்பல் நாள் என்று நினைக்காதீர்கள், கால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் நாள் அதுதான்.

முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க விளிம்பில் வலி வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஓட்டம்தான் காரணம். ஒரு வாரம் நடையோ சைக்கிளோ போதும், வலி போனபின் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது.

ஓட்டமில்லாத இரண்டு நாட்களில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்: படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 வீதம் 3 முறை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 வீதம் 3 முறை. முதலாவது கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும், இரண்டாவது தொடைக்கும் முழங்காலுக்கும் பலம்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

மூக்கால் மட்டும் மூச்சு விட வேண்டுமா? வேண்டாம். வாயும் மூக்கும் இரண்டும் திறந்திருக்கட்டும்.

விலாவில் சுருக்கென்று பிடித்தால் வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கையால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே 2 மணி நேரமாவது இருந்தால் இது வெகுவாகக் குறையும்.

மெதுவாக ஓடியும் வாட்ச் இதயத் துடிப்பு 170 என்று காட்டுகிறதா? மணிக்கட்டு சென்சார் சில நேரம் அடி விழும் எண்ணிக்கையைத் துடிப்பாக எடுத்துக்கொள்ளும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டிப் பாருங்கள். 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் ஒருவருக்கு ஒருவர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். வாக்கியம் சொல்லும் சோதனையையே நம்புங்கள். ஆனால் தலைசுற்றலோ நெஞ்சு வலியோ இருந்தால் எந்த எண்ணையும் பார்க்காமல் நிறுத்துங்கள்.

30 நிமிடம் ஓடியும் 5 கிலோமீட்டர் வரவில்லை என்று வருந்தியவர்கள் பலர். கணக்கைப் பாருங்கள்: அதற்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் தேவை. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஓடுபவருக்கு 5 கிலோமீட்டர் ஆக 40 நிமிடம் பிடிக்கும். வேகத்தைக் கூட்டாதீர்கள். வாரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் 2 அல்லது 3 நிமிடம் நீட்டுங்கள், மற்ற இரண்டும் 25 முதல் 30-லேயே இருக்கட்டும். நான்கைந்து வாரத்தில் 40 நிமிடம் வந்துவிடும்.

ஒரு வாரம் விட்டுப்போனால் முந்தைய வாரத்திலிருந்து தொடருங்கள், மூன்று வாரம் என்றால் மூன்று வாரம் பின்னால் போங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஓட வேண்டாம். விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் நடந்து பார்த்து, நடையில் களைப்பு தெரியவில்லை என்றால் மட்டும் ஷூவைக் கட்டுங்கள்.