ஃபெஸ்க்யூ புல்லை ஒழித்தபின் காடை வந்தது

அமெரிக்காவின் மிசூரியில் நாங்கள் வாங்கிய பழைய மேய்ச்சல் நிலம் முழுக்க டால் ஃபெஸ்க்யூ புல், பாய் விரித்த மாதிரி அடர்த்தி, பாப்வைட் காடைக் குஞ்சு உள்ளே நடக்கவே முடியாது. உறைபனி விழுந்து நாட்டுப் புற்கள் காய்ந்த பிறகும் ஃபெஸ்க்யூ மட்டும் பச்சையாக நிற்கும். அந்த நேரம் பார்த்து கிளைஃபோசேட் களைக்கொல்லி அடித்தேன். அப்புறம் குளிர்காலத்தில் லிட்டில் புளூஸ்டெம் என்ற நாட்டுப் புல், பார்ட்ரிட்ஜ் பீ என்ற பயறு வகைச் செடி, இரண்டின் விதைகளையும் தூவினேன், உழவே இல்லை. ஆனால் பெரிய பலன் தந்தது, வயலோரத்து மரங்களை வெட்டிச் சாய்த்து அப்படியே விட்டதுதான் (பார்க்க அலங்கோலம், பக்கத்து நிலத்துக்காரர் சிரித்தார்): தரையில் வெயில் பட்டதும் பிளாக்பெர்ரிப் புதரும் ராக்வீடு என்ற களைச்செடியும் தானாக முளைத்து, காடைக்கு மறைவிடமும் மானுக்குத் தீனியும் ஆகிவிட்டன. நவம்பர் வேட்டை சீசனில் மான்கள் இப்போது பகலிலேயே அந்த ஓரத்துக்கு வருகின்றன. காடையை மட்டும் இன்னும் சுடவில்லை, கூட்டம் பெருகட்டும்.