பிரசவத்துக்குப் பின் உடம்பு தேறுவதும் மாதவிலக்கு திரும்புவதும்: நாள் எண்ணிக் கவனிக்கும் முறை

பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் அடுக்களையில் தொங்கும் மாதக் காலண்டரில் பிரசவ நாளை வட்டமிட்டு, அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வர வேண்டும். கிராம சுகாதார செவிலியரோ மருத்துவரோ முதலில் கேட்பது "இன்றைக்கு எத்தனையாவது நாள்?" என்பதைத்தான், தூக்கமில்லாத வீட்டில் அதற்குச் சரியான விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அன்று மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கையையும் உதிரத்தின் நிறத்தையும் இரண்டு சொல்லில் குறித்துக்கொண்டால் போதும். இந்தக் குறிப்பு இல்லாமல் பிரசவ உதிரம் எங்கே முடிந்தது, மாதவிலக்கு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பிரசவம் ஆன உடனே கர்ப்பப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன், தொப்புள் மட்டத்தில் கெட்டியான பந்து போலக் கைக்குத் தட்டுப்படும். அது நாளுக்கு ஒரு விரற்கடை அளவு இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் மறைந்து, ஆறு வாரத்தில் ஏறத்தாழ பழைய அளவுக்கு வந்துவிடும். குழந்தை பால் குடிக்கும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பையைச் சுருக்குவதால்தான் அந்த நேரத்தில் அடிவயிறு பிடித்து இழுக்கிறது. முதல் பிரசவத்தைவிட இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இந்த வலி கூடுதலாக இருக்கும். வயிற்றில் துணி கட்டுவது நடக்கும்போது இதமாக இருக்கலாம். ஆனால் கர்ப்பப்பையைச் சுருக்குவது அந்தக் கட்டு அன்று. மூச்சு முட்ட இறுக்கினால் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளின் மீதுதான் பாரம் இறங்கும்.

உதிரம் முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக இருக்கும். பத்தாம் நாள் வரை வெளிறிப் பழுப்பு நிறமாகி, அதன் பிறகு மஞ்சளும் வெள்ளையுமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை கசியும். படுத்து எழும்போது திடீரென்று கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டியதில்லை. படுத்திருக்கையில் தேங்கியதுதான் வெளியேறுகிறது. இரண்டாம் வாரத்தை ஒட்டி, நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்துப் பொருக்கு உதிர்வதால் ஓரிரு மணி நேரம் மறுபடி சிவப்பாகக் காணலாம். காலண்டரில் "பழுப்பு" என்று எழுதியிருந்தவர், துணி துவைத்துத் தண்ணீர்க் குடம் தூக்கிய மறுநாள் மீண்டும் "சிவப்பு" என்று எழுத நேர்ந்தால், உடம்பு இன்னும் ஓய்வு கேட்கிறது என்று பொருள். படுத்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, எலுமிச்சம்பழ அளவில் கட்டி விழுந்தாலோ, தலை சுற்றிக் கண் இருட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொடுவது, உதிரம் துர்நாற்றம் அடிப்பது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, பார்வை மங்கலோடு கடுமையான தலைவலி வருவது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பின் அது ஏறக்கூடும் என்பதால், தலைவலியைத் தூக்கமின்மை என்று தள்ளிவிடக் கூடாது.

தையல் போட்ட இடத்தைச் சுத்தமான நீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றி உலர்த்தி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாப்கினை மாற்ற வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது, மெல்ல நடந்தால்தான் காலில் இரத்தம் உறையாமல் இருக்கும். சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசையை இறுக்கிச் சில நொடி பிடித்துத் தளர்த்தும் பயிற்சியை, வலி அனுமதிக்கும்போது பால் கொடுக்கும் நேரத்திலேயே செய்துகொள்ளலாம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதைப் பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டே பல பெண்கள் காலம் கழிக்கிறார்கள். அது சரிசெய்யக்கூடிய குறை.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாப் புட்டும் நல்ல உணவே. ஆனால் பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தம்ளரை ஒளித்துவைக்கும் வழக்கத்தால் மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும் வருகின்றனவே தவிர வேறு பயனில்லை. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விழுங்க வேண்டும். காபி, டீயோடு அதைச் சேர்க்கக் கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு ஒதுக்க வேண்டும்.

இனி மாதவிலக்கு. தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அது திரும்பிவிடும். பால் கொடுப்பவர்களுக்கு இன்ன மாதம் என்று அறுதியிட முடியாது. சிலருக்கு மூன்றாம் மாதத்திலும், சிலருக்கு ஓராண்டு கடந்தும் வரும், இரண்டும் இயல்பே. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால் கருமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்கள் அடங்கியிருக்கின்றன. குழந்தை இரவு முழுவதும் தூங்கத் தொடங்கினாலோ, ஆறு மாதம் முடிந்து சோறூட்டினாலோ, பால் குடிக்கும் இடைவெளி நீண்டு அந்தத் தடை விலகத் தொடங்கும்.

முதல் மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளிவந்திருக்கலாம். ஆகவே மாதவிலக்கையே பார்க்காமல் அடுத்த கர்ப்பம் தரிக்க முடியும். "பால் கொடுக்கிறவரை கரு நிற்காது" என்று பெரியவர்கள் சொல்வது மூன்று நிபந்தனைகள் ஒருசேர இருக்கும்போது மட்டுமே, 98 சதவீதம் அளவுக்கு, உண்மையாகும். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. 56-ஆம் நாளுக்குப் பிறகு உதிரம் எதுவும் கண்டிருக்கக் கூடாது. தண்ணீரோ பால்பவுடரோ கலக்காமல் தாய்ப்பால் மட்டுமே, பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழாமல், கொடுத்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அன்றிலிருந்தே வேறு பாதுகாப்பு வேண்டும். காலண்டரில் போட்ட எண்கள் இங்கேதான் முழுமையாகக் கைகொடுக்கின்றன.

அந்தப் பாதுகாப்புக்கு ஆணுறை எப்போதும் பயன்படும். காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அல்லது ஆறு வாரத்துக்குப் பிறகு பொருத்துவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியைப் பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் அவர்களுக்கு ஏற்றது. ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான கருத்தடை மாத்திரை, பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் உகந்ததன்று. அடுத்த கர்ப்பத்துக்கு முன் குறைந்தது 24 மாத இடைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

திரும்பி வரும் முதல் சில மாதவிலக்குகள் தாறுமாறாக இருக்கும்: ஒரு மாதம் கூடுதல், அடுத்த மாதம் வெறும் கறை, அதற்கடுத்து நாற்பது நாள் இடைவெளி. அந்த நாட்களில் பால் சற்றுக் குறைந்து குழந்தை சிணுங்கினால் அடிக்கடி மார்பில் போட்டால் போதும். மாதவிலக்கானால் பால் கெட்டுவிடும் என்பது வீண் பேச்சு. அதை நம்பிப் பாலை நிறுத்துவதால்தான் குழந்தைக்குக் கேடு. பால் கொடுக்காதவருக்கு மூன்று மாதமாகியும், பாலை நிறுத்தியவருக்கு அதன் பிறகு மூன்று மாதமாகியும் மாதவிலக்கு வராவிட்டால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு, தைராய்டு உள்ளிட்டவற்றுக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போனவருக்குப் பாலும் சுரக்காமல் மாதவிலக்கும் வராமல் ஓயாத அசதி இருந்தால், மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. பால் சுரப்பையும் மாதவிலக்கையும் இயக்கும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்; எத்தனை பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள் என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.