ஊர்ப் பள்ளியைச் சீரமைக்கக் கிளம்பும் முன்: எதை, யாரிடம், எப்படிக் கேட்பது

ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் கூடினால் முதலில் வருவது வசூல் பேச்சு, அடுத்து பெயின்ட். இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். வெளிச்சுவரில் ஆலமரமும் அணிலும் அழகாக இருக்கும், உள்ளே கழிப்பறைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. அரசு செய்யக் கடமைப்பட்ட வேலைக்கே ஊர்ப் பணம் கரைந்துவிட்டால், அரசுக் கணக்கில் வராத தேவைகளுக்கு எதுவும் மிஞ்சாது. எந்தக் குறை யாருடைய பொறுப்பு என்று பிரிப்பதுதான் முதல் வேலை. இந்தப் பதிவின் பெரும்பகுதியும் அதற்குத்தான்.

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது இது. பள்ளி மேலாண்மைக் குழு உங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறது, தலைவரையும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை இந்தக் குழுவிடமே கொடுக்கிறது. எனவே தனி நபராக மனு எழுதாதீர்கள். குழுவின் தீர்மானமாகப் போனால்தான் கோப்பு எண் விழும்.

படி 1: பெயர்ப்பலகையைப் படியுங்கள்

சிரிக்க வேண்டாம். பலகையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றிருந்தால் கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் துறையே வேறு, அங்கே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் போக வேண்டும். உதவி பெறும் பள்ளி என்றால் கட்டடத்துக்கு நிர்வாகம்தான் பொறுப்பு. கீழே சொல்லும் வழி முதல் வகைக்கு மட்டுமே அப்படியே பொருந்தும்.

படி 2: அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும். தலைமையாசிரியரும் இரண்டு பெற்றோரும் உடன் வரட்டும், அவர்களில் ஒருவராவது தாயாக இருக்கட்டும். பெண் குழந்தைகளின் கழிப்பறையில் உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லை என்பதை ஆண்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நேர, தேதி முத்திரை விழும் கேமரா செயலியில் படம் எடுங்கள். விரிசல் இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். எழுதுவதற்குத் தைத்த நீள நோட்டுதான் நல்லது. வாட்ஸ்அப் குழு கூட்டத்துக்கு அழைக்க மட்டும் போதும், அதில் போட்ட குறைகள் மூன்று நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே இருக்கிறது: ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, தடையில்லா நுழைவு. மாணவர் 60 வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். பள்ளி ஆண்டுதோறும் பதிவேற்றும் யுடைஸ் (அரசின் பள்ளித் தகவல் தொகுப்பு) விவரத்தில் உங்கள் கழிப்பறை "பயன்பாட்டில் உள்ளது" என்று இருக்கிறதா? அப்படி இருந்தால் நீங்கள் கேட்கும் கழிப்பறைக்கு மேலிருந்து வரும் பதில், "உங்கள் பள்ளியில்தான் இருக்கிறதே." அந்தப் பதிவைத் திருத்தச் சொல்வது தலைமையாசிரியரைக் குறை சொல்வதாகிவிடும் என்று தயங்க வேண்டாம். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

படி 3: ஒரு குறையைப் பல குறைகளாக உடையுங்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். "கழிப்பறை சரியில்லை, ஆவன செய்க" என்ற மனு எங்குமே நகராது. காரணம், அந்த ஒரு வரிக்குள் பல அலுவலகங்களின் வேலை இருக்கிறது. ஒவ்வொரு மேசையும் "இது எங்களுடையது அல்ல" என்று உண்மையாகவே சொல்ல முடியும். இப்படிப் பிரியுங்கள்:

தண்ணீர் வரவில்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இணைப்பே இல்லையென்றால் கிராம ஊராட்சி. இணைப்பு இருந்து பள்ளிக்குள் குழாய் உடைந்திருந்தால் பள்ளி மானியம் (பள்ளிக்கே அரசு தரும் பணம், விவரம் படி 5இல்).

கதவு, தாழ்ப்பாள், குழாய்த் திருகு, உடைந்த வாளி. இவற்றுக்கு மனுவே வேண்டாம், பள்ளி மானியத்தில் முடியும்.

சுவரில் விரிசல், கூரைப் பூச்சு உதிர்கிறது. கட்டடம் ஒன்றியத்தினுடையது, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும்.

கழுவ ஆளில்லை. முதலில் கிராம ஊராட்சியிடம் கேளுங்கள். ஆள் இருந்தும் வரவில்லை என்றால், ஊதியம் நிலுவையில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். பெரும்பாலும் முடிச்சு அங்கேதான்.

கழிப்பறைக்கு வெளியே, ஆசிரியர் பற்றாக்குறை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். மதிய உணவில் குறை என்றால் ஒன்றிய அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவு.

இனி நுணுக்கமான இடம். ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் இருப்பார்கள்: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிக்கு. பள்ளிக் கட்டடம் முதலாமவருடையது. ஊராட்சிக் குடிநீர், தெருவிளக்கு, தூய்மைப் பணி எல்லாம் இரண்டாமவர் பார்ப்பவை. உறை மேல் வெறுமனே "வட்டார வளர்ச்சி அலுவலர்" என்று எழுதினால், கடிதம் தவறான மேசையில் மாதக்கணக்கில் தூங்கும். பதவிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வட்டார ஊராட்சி அல்லது கிராம ஊராட்சி என்று கட்டாயம் எழுதுங்கள். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத காலத்தில் தலைவரின் இடத்தில் தனி அலுவலர் இருப்பார், கடிதம் அவர் பெயருக்குப் போக வேண்டும்.

படி 4: தீர்மானம்

ஒரு தீர்மானத்தில் ஒரே ஒரு குறை. ஐந்து குறை என்றால் ஐந்து தீர்மானம், ஐந்து கடிதம். மாதிரி:

"தீர்மானம் 3: வடக்குக் கட்டடத்தின் இரண்டாம் வகுப்பறையில் கூரைப் பூச்சு 1.2 மீட்டர் நீளத்துக்கு உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. இந்த அறையில் 22 குழந்தைகள் படிக்கிறார்கள். ஒன்றியப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்க, வட்டார வளர்ச்சி அலுவலரை (வட்டார ஊராட்சி) கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது."

புதுக் கட்டடம் வேண்டும் என்று இதில் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பது ஆய்வும் மதிப்பீடும்தான். மதிப்பீடு இல்லாத வேலையை எந்தத் திட்டத்திலும் சேர்க்க முடியாது. கையில் மதிப்பீடு இருந்தால் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, ஒன்றியப் பொது நிதி என எதில் பணம் வந்தாலும் உடனே நுழையலாம். ஆய்வு முடியும்வரை அந்த அறையைப் பூட்டி வைக்கவும் தீர்மானம் போடுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். விரிசல் விட்ட சுவரை ஊர்க் கொத்தனாரைக் கொண்டு சிமென்ட் பூசி மறைப்பது உதவி ஆகாது. பொறியாளர் வரும்போது அவர் பார்க்க வேண்டிய தடயம் அந்தப் பூச்சுக்குள் போய்விடும்.

நோட்டில் கையெழுத்தானதும் தீர்மானத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள், அல்லது ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அதே தீர்மானத்தை அடுத்த கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. பதிலே வரவில்லையா? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அதன் பிறகும் மௌனம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தில், "இன்ன தேதியிட்ட கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் பொறுத்தவரை, அது மூன்றாண்டுக்கானது, ஆண்டுவாரியாகப் பிரித்து எழுத வேண்டியது. வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, தேவைப்படும் ஆசிரியர், கட்டடமும் கருவிகளும், பணம் ஆகிய நான்கு தலைப்பு போதும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பே தயாராக வேண்டும், அதாவது டிசம்பர் இறுதிக்குள். மார்ச்சில் உட்கார்ந்தால் போன ஆண்டுத் திட்டத்தைப் படியெடுப்பதோடு முடியும்.

படி 5: பணம்

முதலில் இருக்கும் பணத்தைக் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 மாணவர் வரை ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000, 101 முதல் 250 வரை ரூ.50,000. இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைக்கு. செலவைக் கண்காணிப்பது குழுவின் சட்டப்படியான வேலை, எனவே ரசீதுகளைக் கேட்பதில் தவறில்லை. சண்டைக்குப் போவது போல் கேட்காமல் ஒவ்வொரு கூட்டத்திலும் வழக்கமான பொருளாக வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

நன்கொடையை மானியக் கணக்கோடு கலக்காதீர்கள், தணிக்கையில் தலைமையாசிரியர்தான் மாட்டுவார். பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" வழியாக அனுப்பச் சொல்லலாம், கொடுப்பவர் பள்ளியையும் வேலையையும் தேர்ந்தெடுக்க முடியும். சிறு தொகை கொடுக்க விரும்புகிறவர்களிடம் பொருளாகவே வாங்கி, அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

பொருளிலும் நிதானம் வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் பெரிய டிவிதான் வாங்கித் தருவேன் என்பார்கள். எர்த் இணைப்பு இல்லாத, மழைக்கு ஒழுகும் அறையில் டிவி ஒரு பருவம் தாங்காது. அதே பணத்தில் வயரிங், இரண்டு மின்விசிறி, புத்தகம் வைக்க ஓர் அலமாரி என்று திருப்பிவிடுங்கள்.

ஊர் கூடிப் பள்ளிக்குக் கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. காமராசர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கின. என்ன தேவை என்ற பட்டியல் முதலில், நன்கொடை அதற்குப் பிறகு என்ற வரிசையே அப்போதும் இருந்தது.

படி 6: ஊர் மட்டுமே செய்ய முடிந்தவை

ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. உங்கள் பள்ளியில் 58 பேர் இருந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு இன்னும் மூன்று குழந்தைகள் தேவை. மே மாதமே அங்கன்வாடிப் பட்டியலை வாங்கி, ஐந்து வயது நிறையும் குழந்தைகளின் வீடுகளுக்குப் போங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வந்திருக்கும் குடும்பங்களை மறக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

குடிநீர்த் தொட்டி: மாதம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். தூளை நேராகக் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும். ஊராட்சித் தொட்டி இயக்குநரிடம் குளோரோஸ்கோப் (குளோரின் அளவைப் பார்க்கும் கருவி) இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்வார். பிரித்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. பலரும் அளவைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான்.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்தவர்கள் கேட்டவற்றில் இரண்டு. கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதில்லை என்பது முதலாவது. கூலி வேலைக்குப் போகிறவர்களை முதல் நாள் வாட்ஸ்அப்பில் அழைத்தால் வர முடியாது. தேதியை ஒரு வாரம் முன்பே குழந்தையின் நோட்டில் எழுதி அனுப்புங்கள். கூட்டத்தின் முதல் பொருளாக, அவரவர் குழந்தை ஒரு பத்தி வாசிப்பதைக் கேட்க வையுங்கள். கட்டடக் கணக்குக்கு வராதவர்கள் இதற்கு வருவார்கள்.

இரண்டாவது, தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது என்பது. தீர்மான நோட்டு, முத்திரையிட்ட கடித நகல்கள், மதிப்பீடு, நன்கொடை இருப்புப் பதிவேடு ஆகிய நான்கையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வரி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கடிதங்களின் படப் பிரதி ஒன்று குழுத் தலைவரின் போனிலும், இன்னொன்று குழுவில் உள்ள முன்னாள் மாணவர் யாரிடமாவதும் இருக்கட்டும்.