காந்தமின் கலப்புப் பீங்கான்கள்: அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காந்தப்புலம் பட்டால் மின்னழுத்தம் தருபவை காந்தமின் பீங்கான்கள். இதற்காக, நெருக்கினால் மின்னழுத்தம் தரும் பேரியம் டைட்டனேட்டையும் காந்தப்பொருளான கோபால்ட் ஃபெரைட்டையும் அரைத்து, அழுத்தி, சுட்டெடுத்த வில்லைகளோடு பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் முதுகலை மாணவர்கள் என்னிடம் அளவீட்டுக்கு வருகிறார்கள். அகேட் உரலைக் கழுவாமல் அடுத்த பொடியை அரைப்பது போன்றவற்றை அவர்களுடைய வழிகாட்டிகளே கண்டித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்ஆர்டி பின்னணி

வில்லையில் என்னென்ன சேர்மங்கள் உள்ளன என்பதை எக்ஸ் கதிரால் காட்டும் எக்ஸ்ஆர்டி அளவீட்டில், செம்புக் குழாயின் கதிர் இரும்பையும் கோபால்ட்டையும் ஒளிரச் செய்து பின்னணியை உயர்த்திவிடும். அதற்குள் ஒரு மூன்றாம் சேர்மத்தின் சிறு சிகரம் புதைந்து கிடக்கலாம். மெதுவாக ஸ்கேன் செய்து பார்க்காமல் ‘இரண்டு கட்டங்கள் (சேர்மங்கள்) மட்டுமே’ என்று எழுத வேண்டாம்.

கம்பியின் மின்னழுத்தத்தை வில்லையின் கணக்கில் எழுதுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஃபெரைட் காந்தப்புலத்தில் உருமாறி, ஒட்டியிருக்கும் பேரியம் டைட்டனேட்டை நெருக்குவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. தனித்தனியே இரண்டுக்கும் இல்லாத இப்பண்பு கலவையில் ‘பெருக்கற்பண்பாக’த் தோன்றும் என்பதை ஆய்வாளர் வான் சுக்டெலன் 1972-இல் விளக்கினார். ஆனால் அளவிடும் சுருளுக்குள் மாறுதிசைப் புலம் இருக்கிறது. வில்லையிலிருந்து வெளியேறும் இரு கம்பிகளும் ஒரு வளையமாக அமைந்தால், ஃபாரடே விதிப்படி அந்த வளையத்திலும் மின்னழுத்தம் தூண்டப்படும்.

கணக்கைப் பாருங்கள். 1 எர்ஸ்டெட் புலம், 1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண், 1 சதுர செ.மீ. வளையம் என்றால் தூண்டப்படுவது ஏறத்தாழ 63 மைக்ரோவோல்ட். வில்லையின் தடிமன் 1 மி.மீ. என்றால் அது 0.63 மில்லிவோல்ட்/செ.மீ.-எர்ஸ்டெட் என்ற காந்தமின் குணகமாக வேடமிடும். 10 கிலோஹெர்ட்ஸில் 6.3 ஆகிவிடும். பொடிக் கலவைகளில் உண்மையான குணகமே பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

அண்மையில் ஒரு மாணவி காட்டிய வரைபடத்தில் குணகம் அதிர்வெண்ணோடு நேர்கோடாக ஏறியிருந்தது. “ஃப்ரீக்வென்சி கூடக் கூட கப்ளிங் நல்லா வருது சார்” என்றார். அதே தடிமனுள்ள வெறும் பேரியம் டைட்டனேட் வில்லையை அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். காந்தப்புலத்தால் நீளவோ சுருங்கவோ செய்யாத பொருளிலும் அதே கோடு வந்தது. அந்த வரைபடம் அதற்குள் ஓர் ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பதுதான் வருத்தம்.

ஆகவே கம்பிகளை இறுக முறுக்கி, வளையத்தைச் சுருக்குங்கள். பின்பு, கம்பிகளை அசைக்காமல் வில்லையை மட்டும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். அளவீட்டில் சேர்க்கும் மாறாப் புலம் போதிய அளவு வலுவாக இருந்தால், உண்மையான சமிக்ஞையின் குறி மாறும், தூண்டலின் குறி மாறாது. மாறாப் புலத்தின் திசையைத் திருப்பினாலும் உண்மையான சமிக்ஞை குறி மாறும்; ஆனால் கோபால்ட் ஃபெரைட்டில் காந்தம் எஞ்சி நிற்பதால், அதை அழிக்கத் தேவையான காந்த நீக்குப் புலத்தைத் தாண்டிய பிறகே அது நிகழும். பூஜ்யத்திலேயே குறி மாறவில்லை என்று பதற வேண்டியதில்லை. குறித்த அதிர்வெண்ணின் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியில் வீச்சை மட்டும் குறிக்காமல் அலையின் கட்டக் கோணத்தையும் குறித்துவையுங்கள்: தூண்டல் புலத்திற்கு 90 பாகை விலகி நிற்கும்.

முனை உருண்ட பி-இ வளையம்

மின்புலத்துக்கு (இ) எதிரே மின்முனைவாக்கத்தை (பி) வரையும் வளையத்தின் முனை கூராக இல்லாமல் உருண்டிருந்தால், அது கசிவு மின்னோட்டம்.

சாரல் மாதங்கள்

துளைகள் நிறைந்த வில்லை, தென்காசிப் பக்கத்துச் சாரல் காற்றில் ஈரத்தை உறிஞ்சிக் குறை அதிர்வெண்ணில் மின் ஆற்றல் இழப்பைக் கூட்டிக் காட்டும். அடுப்பில் உலர்த்திய பின்பே அளக்கவும்.

எடைச் சதவீதம்

ஃபெரைட் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியானால் வில்லை மின்னைக் கடத்தத் தொடங்கும். போலிங் செய்யும்போது, அதாவது வலிய மின்புலத்தால் மின்முனைவுகளை ஒரே திசையில் திருப்பும்போது, புலம் ஏறாமல் வில்லை சூடாகும். இதைத் தீர்மானிப்பது கன அளவு, எடை அன்று. பேரியம் டைட்டனேட்டுக்குப் பதிலாகப் பயன்படும், அடர்த்தி 7.7 கொண்ட பிஇசட்டியுடன் (ஈய சிர்கோனேட் டைட்டனேட்) 5.3 கொண்ட கோபால்ட் ஃபெரைட்டை எடைக்கு 30 சதவீதம் சேர்த்தால், கன அளவில் அது 38 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.