எலிசபெத் ஸ்ட்ரௌட்டைப் படிக்க ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க நாவலாசிரியர் எலிசபெத் ஸ்ட்ரௌட்டை நான் தப்பான முனையிலிருந்து தொடங்கினேன். 2024இல் வந்த 'டெல் மீ எவ்ரிதிங்' நாவலைத்தான் முதலில் கையில் எடுத்தேன். அதில் பாப் பர்ஜஸ் என்று ஒருவர் வருகிறார், லூசி என்று ஓர் எழுத்தாளர் வருகிறார், தொண்ணூறு வயதில் ஆலிவ் என்று ஒரு பாட்டி வருகிறார். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பழங்கதை பேசுகிறவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நாற்பது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

பிறகு வரிசை மாற்றிப் படித்தேன். இப்போது யாராவது ஸ்ட்ரௌட்டைப் பற்றிக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். இவர் கதைகளில் ஒருவர் போகிற போக்கில் சொல்லும் ஊர்வம்பு, வேறொரு புத்தகத்தில் இன்னொருவரின் முழு வாழ்க்கையாக எதிரே வந்து நிற்கும். அதைத் தவறவிடாமல் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தால் போதும். ஸ்ட்ரௌட்டின் வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் அன்றாடம் புழங்குபவை. அகராதி அதிகம் தேவைப்படாது. நோட்டும் பேனாவும் கட்டாயம் வேண்டும்.

முதல் படி: நோட்டில் மூன்று ஊர்கள்

நோட்டைத் திறந்து மூன்று பக்கங்களின் தலைப்பில் மூன்று ஊர்ப் பெயர்களை எழுதுங்கள்: கிராஸ்பி, ஷர்லி ஃபால்ஸ், ஆம்கேஷ். முதல் இரண்டும் மெய்ன் மாநிலத்தில் இருப்பவை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டிக் கரையில், குளிர்காலம் நீண்டுகொண்டே போகும் மாநிலம் அது. ஆம்கேஷ் இருப்பது இலினாய்ஸ் மாநிலத்தில், சோளமும் சோயாவும் விளையும் சமவெளியில். மூன்றுமே கற்பனை ஊர்கள், வரைபடத்தில் தேட வேண்டாம். ஸ்ட்ரௌட் 1956இல் மெய்னின் போர்ட்லண்டில் பிறந்தவர். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் சின்ன ஊர்களில் வளர்ந்தவர். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாய்விட்டுப் பேசாத ஊர்களை இவர் எழுதுவதற்கு அந்த வளர்ப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி எந்தப் பெயர் வந்தாலும் அந்தந்த ஊர்ப் பக்கத்தில் குறித்துவையுங்கள். கதையில் ஒரே வரியில் வந்து போகிறவரானாலும் சரி.

இரண்டாம் படி: நான்காவது கதையிலிருந்து ஆரம்பியுங்கள்

வாங்க வேண்டிய முதல் புத்தகம் 'ஆலிவ் கிட்டரிட்ஜ்'. 2008இல் வந்தது, 2009இல் புலிட்சர் பரிசு பெற்றது. மொத்தம் 13 கதைகள். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்ற ஆலிவ் என்ற பெண்மணிதான் அவற்றைக் கோக்கும் நூல். அவருடைய கணவர் ஹென்றி மருந்துக்கடை நடத்தியவர். ஒரே மகன் கிறிஸ்டோபர், பாத மருத்துவர்.

முதல் கதையான 'ஃபார்மசி' அருமையானதுதான். ஆனால் அது ஹென்றியின் பார்வையில் போகிறது. அதில் ஆலிவ் வெடுக்கு வெடுக்கென்று பேசுகிற மனைவி. அதோடு ஆரம்பிக்கும் பலருக்கும் ஆலிவைப் பிடிக்காமல் போய்விடும். அதனால் நேராக நான்காவது கதைக்குப் போங்கள்: 'எ லிட்டில் பர்ஸ்ட்'. சில பக்கங்கள்தான்.

அன்று மகனுக்குக் கல்யாணம். மகனுக்காக ஆலிவும் ஹென்றியும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டிலேயே விருந்து நடக்கிறது. கூட்டம் தாங்காமல் ஆலிவ் மகனின் படுக்கையறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். உடுத்தியிருப்பது பூப்போட்ட மெல்லிய துணியில் அவரே தைத்த உடை. அந்தத் துணியைக் கடையில் பார்த்தபோது அவருக்கு மனசு மலர்ந்திருந்தது. அப்போது ஜன்னலுக்கு வெளியே புது மருமகள் தன் தோழியிடம் பேசுவது காதில் விழுகிறது. பேச்சு அந்த உடையைப் பற்றி. இப்படியும் ஒரு உடையா என்கிற தொனி.

ஆலிவ் அழவில்லை. வெளியே போய்ச் சண்டை போடவும் இல்லை. மருமகளின் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, அதன் கையில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, பழையபடி மடித்து வைக்கிறார். ஒரு பிராவையும் ஒற்றை ஷூவையும் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். ஜோடியில் ஒன்று காணாமல் போனதை எண்ணி மருமகள் அவ்வப்போது குழம்பட்டும், தன்மேலேயே கொஞ்சம் சந்தேகப்படட்டும் என்பதுதான் கணக்கு.

மூன்றாம் படி: அதே கதையை இன்னொரு முறை, கைகளை மட்டும் பார்த்து

அடுத்த நாள் அதே கதையை மறுபடி படியுங்கள். இந்த முறை ஆலிவ் என்ன நினைக்கிறார் என்பதை விட்டுவிடுங்கள். அவர் கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் அடிக்கோடிடுங்கள். மடிக்கும் கை, கோடு போடும் கை, பைக்குள் திணிக்கும் கை. மகன் கைவிட்டுப் போகிறானே என்ற பயம் முழுக்க அந்தக் கைகளில் இருக்கிறது. "எனக்கு வலிக்கிறது" என்று ஆலிவ் ஓர் இடத்திலும் வாய்திறந்து சொல்வதில்லை.

இதே பயிற்சியை 'ஸ்டார்விங்' கதையிலும் செய்து பாருங்கள். சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகிவிட்ட ஓர் இளம்பெண் அதில் வருகிறாள். அவள் முன்னால் ஆலிவ் ஒரு டோனட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் பட்டினி கிடப்பதாகச் சொல்கிறார். உடல் பருத்த, எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருக்கிற அந்த அம்மாள் சொல்வதை அந்தப் பெண் நம்பவில்லை. ஆலிவ் அழுகிறார். வெடுக்கென்று பேசும் அதே மனுஷிதான். இந்த இடத்துக்கு வந்த பிறகு உங்களால் அவரை வெறுக்க முடியாது.

நான்காம் படி: முதலிலிருந்து, நாளுக்கு ஒரு கதை

இப்போது 'ஃபார்மசி'யில் தொடங்கி வரிசையாக வாருங்கள். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சில கதைகளில் ஆலிவ் தலையைக் காட்டிவிட்டுப் போவதோடு சரி. 'தி பியானோ ப்ளேயர்' அப்படித்தான்: உணவகத்தில் பியானோ வாசிக்கும் ஒரு பெண்ணின் ஒரு ராத்திரிக் கதை. அங்கே ஆலிவும் ஹென்றியும் சாப்பிட வந்த வெறும் ஜோடி. "இதில் ஆலிவே இல்லையே" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அடுத்தவர் கண்ணுக்கு ஆலிவ் எப்படித் தெரிகிறார் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். 13 நாளில் 13 வரி சேரும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அந்த வரிகளைச் சேர்த்து வாசித்தால், இதை ஏன் நாவல் என்றும் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

ஐந்தாம் படி: லூசியின் இரண்டு புத்தகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக

நோட்டு உண்மையில் பயன்படுவது இங்கேதான்.

'மை நேம் இஸ் லூசி பார்ட்டன்' 2016இல் வந்த சிறிய நாவல். நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வாரம் படுத்திருந்ததை லூசி நினைத்துப் பார்க்கிறாள். ஜன்னலில் கிரைஸ்லர் கட்டடம் தெரிகிறது. பல வருடங்களாகப் பார்க்காத அம்மா ஒருநாள் திடீரென்று வந்து, கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள். ஐந்து நாள் இருக்கிறாள். லூசி பதினொரு வயது வரை ஒரு கார் கொட்டகையில் வளர்ந்தவள். பசி, குளிர், அதைவிட மோசமானவை எல்லாம் அங்கே நடந்திருக்கின்றன. அம்மா அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஊர்ப் பெண்களின் கதைகளைச் சொல்கிறாள்: புருஷனை விட்டுப் போன கேத்தி நைஸ்லி, மிசிசிப்பி மேரி என்று. மகளிடம் அம்மாவால் காட்ட முடிந்த பாசம் அந்த வம்புப் பேச்சுதான். கொஞ்ச இடங்களைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்; லூசி தயங்கித் தயங்கிச் சொல்லும் விதம் காதில் விழுந்தால்தான் பிடிபடும்.

அந்தப் பெயர்களையெல்லாம் ஆம்கேஷ் பக்கத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் லூசி கதகதப்பான வகுப்பறையில் உட்கார்ந்திருக்க விட்ட துப்புரவுப் பணியாளர் ஒருவர் வருவார். அவரையும் விடாதீர்கள்.

உடனே 2017இல் வந்த 'எனிதிங் இஸ் பாசிபிள்' கதைகளைத் திறங்கள். முதல் கதையே அந்தத் துப்புரவுப் பணியாளருடையது. டாமி கப்டில். ஒரு காலத்தில் பால்பண்ணை வைத்திருந்தவர். அது தீயில் போன பிறகுதான் பள்ளி வேலைக்கு வந்தார். அடுத்த கதை கேத்தி நைஸ்லியின் மகள் பேட்டியைப் பற்றியது. அம்மா வீட்டை விட்டுப் போனது மகளை என்ன பாடு படுத்தியது என்று அங்கே பார்க்கிறோம். அந்தப் பேட்டி ஒரு புத்தகக் கடையில் லூசி எழுதிய புத்தகத்தையே வாங்கிப் படிக்கிறாள். மிசிசிப்பி மேரிக்கும் தனிக்கதை உண்டு: எழுபதைத் தாண்டிய வயதில் புருஷனை விட்டு இத்தாலிக்குப் போய்விட்ட அவளைப் பார்க்க மகள் வருகிறாள்.

ஆஸ்பத்திரியில் நேரம் போக்கச் சொன்ன பேச்சுக்குப் பின்னால் இத்தனை பேருடைய துக்கம் இருந்திருக்கிறது. இரண்டு புத்தகத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் இது நழுவிவிடும். ஒரே மாதத்தில் முடியுங்கள்.

ஆறாம் படி: மற்றவை

'தி பர்ஜஸ் பாய்ஸ்' 2013இல் வந்தது. ஷர்லி ஃபால்ஸில் குடியேறிய சோமாலியர்களின் மசூதிக்குள் ஒரு பையன் பன்றித்தலையை உருட்டிவிடுகிறான். மெய்னின் லூயிஸ்டன் நகரில் 2006இல் இப்படி ஒன்று உண்மையிலேயே நடந்தது. ஸ்ட்ரௌட் சட்டம் படித்தவர், கொஞ்ச காலம் இலவச சட்ட உதவியிலும் வேலை பார்த்தவர். வக்கீல்கள் நிறைந்த இந்த நாவலில் அது தெரிகிறது. அடுத்து 'ஓ வில்லியம்!', 'லூசி பை தி ஸீ', இந்த வரிசையில். 'அபைட் வித் மீ' தனி நாவல், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். 'டெல் மீ எவ்ரிதிங்' நாவலைக் கடைசிக்கு வையுங்கள். நான் நாற்பது பக்கத்தில் விட்ட அதே புத்தகத்தில், யாரும் பதிவு செய்யாத வாழ்க்கைகளை லூசியும் ஆலிவும் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லிக்கொள்வதை இரண்டாம் முறை படித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஏழாம் படி: கடைசிக் கதையிலிருந்து முதல் நாவலுக்கு

'டெல் மீ எவ்ரிதிங்' எடுக்கும் முன் 'ஆலிவ், அகெய்ன்' முடித்திருக்க வேண்டும், 2019இல் வந்தது. அதன் கடைசிக் கதையின் பெயர் 'ஃப்ரெண்ட்'. முதியோர் குடியிருப்பில் இருக்கும் ஆலிவுக்கு இஸபெல் என்று ஒரு சிநேகிதி கிடைக்கிறாள். இருவரும் ஒருவர் மற்றவரின் அறைக்குப் போய், நன்றாக இருக்கிறாயா என்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நோட்டில் ஷர்லி ஃபால்ஸ் பக்கத்தில் இஸபெல் பெயரை எழுதிவிட்டு, 'ஏமி அண்ட் இஸபெல்' நாவலை எடுங்கள். ஸ்ட்ரௌட்டின் முதல் நாவல், 1998இல் வந்தது. இந்த இஸபெல் அதில் இளம் தாய், ஆலை ஆபீசில் வேலை பார்ப்பவள். வெயில் கொளுத்தும் ஒரு கோடையில், பதினாறு வயது மகள்மேல் வந்த ஆத்திரத்தில் கத்திரிக்கோலை எடுத்து அவள் தலைமுடியை வெட்டிவிடுகிறாள். கைகளைப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.