வேலூர் வெயிலில் ஸ்பார்க் கேப் அமைப்பது எப்படி

காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இம்பல்ஸ் ஜெனரேட்டர் (கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உயர் வோல்டேஜ் பல்ஸாக விடும் கருவி) புராஜெக்ட் எடுக்கிற இன்ஜினியரிங் பிள்ளைகள் கெப்பாசிட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் படுகிற கவலையில் பாதிகூட ஸ்பார்க் கேப்புக்குப் படுவதில்லை. இரண்டு பித்தளை உருண்டையை எதிரெதிரே நிறுத்திவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வோல்டேஜ் ஏறியதும் உருண்டைகளுக்கு நடுவே ஸ்பார்க் அடித்து மின்சாரத்துக்கு வழி விடுகிற சுவிட்ச் அது, அந்த வேலையைச் செய்வது நடுவில் இருக்கிற வாயுதான். அதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை குறையும்.

முதலில், உங்களுக்கு எந்த சுவிட்ச் தேவை? நொடிக்கு நூற்றுக்கணக்கான பல்ஸ், அதுவும் நானோநொடிக் கணக்கில் பிசகாமல் வேண்டுமென்றால் தைரட்ரான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் லினாக் மெஷின்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அதுதான், குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோ டியூட்டீரியமோ அடைத்த குழாய். விலை அதிகம், ஹீட்டர் சூடாகச் சில நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு ஷாட் அடிக்கிற லேபுக்கு அது எதற்கு? ஸ்பார்க் கேப்பே போதும், பத்தாயிரக்கணக்கான ஆம்பியரையும் தாங்கும்.

சரி, இடைவெளி. சாதாரணக் காற்றில் ஒரு செ.மீ.க்குச் சுமார் 30 கிலோவோல்ட் என்று பாடத்தில் இருக்கும். அது 20 டிகிரி வெப்பம், கடல்மட்ட அழுத்தத்துக்கான கணக்கு. ஜெர்மன் இயற்பியலாளர் பாஷன் 1889-லேயே காட்டியபடி ஸ்பார்க் அடிக்கும் வோல்டேஜ் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது, வெப்பமும் மாறுகிறபோது அழுத்தத்துக்குப் பதில் வாயுவின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். 0.289-ஐ மில்லிபார் அழுத்தத்தால் பெருக்கி, செல்சியஸ் வெப்பத்தோடு 273 கூட்டி வருவதால் வகுத்தால் அடர்த்தித் திருத்தம் கிடைக்கும். கத்திரி வெயிலில் 42 டிகிரி, அழுத்தம் 980 மில்லிபார் என்று வைத்தால் 0.90 வரும். அதாவது 30 கிலோவோல்ட்டுக்கு வைத்த கேப் 27-லேயே அடித்துவிடும். மார்கழிக் காலையில் செட் பண்ணிவிட்டு மே மாதம் டெமோ காட்டினால் தானாக அடிப்பது இதனால்தான்! உருண்டையின் விட்டத்தில் பாதிக்கு மேல் இடைவெளி வைக்காதீர்கள், மின்புலம் சீராக இருக்காது.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் கேப்பை மூடிய சின்ன அறைக்குள் (சேம்பர்) வைத்து உலர்ந்த நைட்ரஜன் அடையுங்கள் (அறையை முதலில் தண்ணீர் நிரப்பி பிரஷர் டெஸ்ட் பண்ணியிருக்க வேண்டும்). இங்கே இரண்டு இடத்தில் கவனம். கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும், கேஜில் 1 பார் என்றால் உள்ளே கிட்டத்தட்ட 2 பார், கணக்குக்கு இந்த இரண்டைத்தான் எடுக்க வேண்டும். அப்புறம், காலையில் நிரப்பி மூடிய வாயு மதியம் சூடாகி கேஜ் முள் ஏறும். ஏறட்டும், அறை தாங்கும் அளவுக்குள் இருக்கிறவரை தொடாதீர்கள். அடைத்த வாயு வெளியே போகாதவரை அடர்த்தி மாறாது, ஸ்பார்க் வோல்டேஜும் ஏறக்குறைய அதேதான் இருக்கும். முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று வால்வைத் திறந்தால்தான் வாயு குறைந்து, கேப் முன்கூட்டியே அடிக்க ஆரம்பிக்கும். எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு) வாயு காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் தாங்கும் என்பது உண்மை, ஆனால் ஸ்பார்க் அடித்தபின் நச்சுப் பொருள்கள் உண்டாகும், பூமியைச் சூடாக்குவதிலும் படுமோசம். காலேஜ் லேபுக்கு வேண்டாம்.

ட்ரிகர் (வேண்டிய நேரத்தில் ஸ்பார்க்கைத் தொடங்கிவைக்கும் சின்ன பல்ஸ்) வைத்த கேப் என்றால், தானாக அடிக்கும் வோல்டேஜில் 70–80 சதவீதத்தில் ஓட்டுங்கள். அதற்கு மேலே போனால் ட்ரிகருக்கு முன்பே அடிக்கும், ரொம்பக் கீழே போனால் அடிக்கும் நேரம் ஷாட்டுக்கு ஷாட் தள்ளாடும். மார்க்ஸ் அடுக்கில் (பல கெப்பாசிட்டரைத் தனித்தனியே சார்ஜ் பண்ணி, கேப்கள் அடிக்கும்போது தொடராக இணைத்து வோல்டேஜைப் பெருக்கும் அமைப்பு) எல்லா கேப்பும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி ஒரே வரிசையில் நிற்கட்டும், முதல் ஸ்பார்க்கின் புற ஊதா ஒளி பட்டால் மற்றவை தயங்காமல் அடிக்கும்.

பாலிஷ் போட்ட புது உருண்டை முதல் சில ஷாட்டில் தாறுமாறாக அடிக்கும், நிலைப்படும்வரை அளவு எடுக்காதீர்கள். திறந்த கேப் என்றால் ஒரு தூசி நூல் ஒட்டினாலும் வோல்டேஜ் இறங்கும், பஞ்சால் துடைத்தால் அந்த நூலை நீங்களே வைத்ததாகிவிடும். நூல் விடாத துணியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும்.

துடைக்கக் கை நீட்டுமுன் சப்ளையை நிறுத்தி, ரெசிஸ்டர் வைத்த எர்த் கம்பியால் கெப்பாசிட்டரின் சார்ஜை இறக்குங்கள், அப்புறம் நேரடியாக ஷார்ட் பண்ணி, வேலை முடியும்வரை அப்படியே விடுங்கள். 1 மைக்ரோஃபாரட் 30 கிலோவோல்ட்டில் 450 ஜூல், ஆளைக் கொல்லப் போதும். இறக்கியபின் ஷார்ட்டை எடுத்துவிட்டால் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் மெல்ல மறுபடி ஏறும், அதனால் ஷார்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் யாரும் கிட்டப் போகக் கூடாது, தனியாக இருக்கும்போது இந்த வேலையையே தொடக் கூடாது.