காற்று குவித்த பனியை அடையாளம் காண்பது எப்படி: புதிய பனிச்சறுக்கு வீரர்களுக்கான செய்முறை விளக்கம்

பனிச்சறுக்கு மையத்தின் எல்லையைத் தாண்டி முதன்முறையாக மலைக்குள் செல்பவர்களில் பலர், இரண்டு நாட்களாகப் பனி பெய்யவில்லை என்றால் பனிச்சரிவு ஆபத்து நீங்கிவிட்டதாக நம்புகிறார்கள். ஆனால் வானம் தெளிந்திருக்கும்போதும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டிக்கொண்டிருக்கலாம். பெய்யும் பனியைவிடப் பத்து மடங்கு வரை விரைவாகவும் அது குவியக்கூடும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள மவுண்ட் வாஷிங்டன் இதற்கு நல்ல பாடம். 1,917 மீட்டர் உயரமே உள்ள அந்த மலையில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. மரங்களற்ற அதன் மேற்பரப்பைத் துடைத்துவரும் மேற்குக் காற்றுதான், கிழக்குப் பக்கத்திலுள்ள டக்கர்மன் பள்ளத்தைப் பனியால் நிரப்புகிறது.

படி 1: புறப்படுமுன் அப்பகுதியின் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படியுங்கள். ஐந்து நிலை அபாய அளவோடு நிறுத்திவிடாமல், காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்குக் காற்று என்பது மேற்கிலிருந்து வீசுவது. எனவே காற்று குவித்த பனியின் சுமை கிழக்கு நோக்கிய சரிவுகளில் இருக்கும்.

படி 2: மலையைக் கண்ணால் படியுங்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காற்று மோதும் பக்கம் அரிக்கப்பட்டு, வரிவரியாகக் கரடுமுரடாக இருக்கும். மறைவுப் பக்கமோ தலையணை போல உப்பி, வழவழப்பாக, சறுக்குவதற்கு அழைப்பதுபோலத் தோன்றும். முகட்டில் கூரை விளிம்புபோலப் பனி நீட்டிக்கொண்டிருந்தால், அதற்குக் கீழேயுள்ள சரிவு சுமையேறியது என்று கொள்ளுங்கள். காற்று குறுக்காக வீசும்போது, முகட்டுக்கு வெகு கீழேயுள்ள ஓடைப் பள்ளங்களும் விலா எலும்புபோல் துருத்திநிற்கும் பாறைகளின் மறைவுகளும் நிரம்பிவிடும் என்பதைப் புதியவர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள்.

படி 3: காலடியைக் கவனியுங்கள். காற்றில் உருண்டு உடைந்த பனித்துகள்கள் நெருக்கமாக அடைந்து ஒரே பாளமாக இறுகுகின்றன. அதன் அடியில் வலுவற்ற அடுக்கு இருந்தால், ஒருவரின் எடையே பாளத்தை முறிக்கப் போதுமானது. பறை தட்டியதுபோன்ற வெற்றொலி, சறுக்குப் பலகையின் முனையிலிருந்து பாயும் விரிசல், பனி சட்டென அமுங்கும் ஓசை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். பாளம் மெலிந்திருக்கும் ஓரங்களில் அது இன்னும் எளிதாக முறியும்.

படி 4: சாய்வை அளவிடுங்கள். ஊன்றுகோலைச் சரிவின் மீது கிடத்தி, அதன்மேல் சாய்வுமானியையோ கைப்பேசியையோ வைத்தால் போதும். பாளமாக முறியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில் நிகழ்கின்றன.

படி 5: பாதையைத் தேர்ந்தெடுங்கள். காற்று ஓய்ந்த முதல் ஓரிரு நாட்களில் 30 பாகைக்குக் குறைந்த சரிவுகளிலேயே இருங்கள். அவற்றுக்கு மேலே செங்குத்தான, சுமையேறிய சரிவு எதுவும் தொங்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். சரிவில் ஒவ்வொருவராக இறங்குங்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். குழுவிலுள்ள ஒவ்வொருவரிடமும் புதைந்தவரின் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடற்கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குள்ளேயே வெகுவாகச் சரிந்துவிடுவதால், அவரைத் தோண்டியெடுக்க வேண்டியவர்கள் அருகில் நிற்கும் தோழர்களே.